கொதித்தால் தெளியும் சிறுநீர்

போன மாதம் உங்கள் லேப் டெக்னீஷியன் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "இந்த மெஷின்லாம் இல்லாத காலத்துல மைலோமாவ எப்படிக்கா கண்டுபிடிச்சிய?" என்று கேட்டாள். நேரம் முடிந்துவிட்டிருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. இருந்த நோயைக் கண்டுபிடித்த கதையைச் சொல்வதற்கு முன்னால், இல்லாத நோயைக் கண்டுபிடித்த கதையையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் என் கையால் நடந்தவை.

நான் தச்சநல்லூர்க்காரி. பெயர் சண்முகவடிவு, லேபில் எல்லாருக்கும் வடிவு. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டில் யாரும் என் வேலையைப் பற்றி வெளியே சொல்லமாட்டார்கள். "டீச்சருக்குப் படிக்க வைக்காம, பிள்ளைய மூத்திரக் குப்பி தூக்க அனுப்பியிருக்கானே" என்று பெரியப்பா என் அப்பாவின் முகத்துக்கு நேரேயே சொன்னார். எனக்கு அந்தக் குப்பிகள் மேல் ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. ஒரு ஆளின் உடம்பு அவரிடமே சொல்லாததை என்னிடம் சொல்கிறது என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் லேபை நடத்தியவர் ஒரு பெண் மருத்துவர். என்னைவிட ஐந்து வயது சின்னவர். பெயரை எழுதினால் கோபிப்பார், அதனால் டாக்டரம்மா என்றே சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு எலக்ட்ரோபோரசிஸ் பெட்டி வாங்கிப் போட்டார். அந்த வட்டாரத்தில் அப்போது அது பெரிய விஷயம்.

அது எதற்கு என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டார் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன். ரத்தப் புற்றில் பலவற்றை மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம். முதிராத வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். மைலோமா அப்படியில்லை, அது எலும்புக்குள் ஒளிந்திருக்கும் நோய். மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல் ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகி, ஒரே ஒரு வகைப் புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் புரதத்தைப் பிடித்தால்தான் நோயைப் பிடிக்கலாம். ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரான சீரத்தை ஒரு வெள்ளைப் பட்டையில் தொட்டு வைத்து மின்சாரம் பாய்ச்சுவோம். புரதங்கள் வரிசையாகப் பிரிந்து நிற்கும். சாயம் போட்டால் சிவப்புச் சிவப்பாகத் தெரியும். கடைசியில் நிற்பது நல்ல உடம்பில் அகலமாக, மங்கலாக, தண்ணீரில் கரைந்த குங்குமம் போல இருக்கும். மைலோமா இருந்தால் அந்த இடத்தில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு விழும்.

பெட்டி வந்து பல மாதம் எனக்கு அந்தக் கோடு விழவில்லை. விழாதா என்று காத்திருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அப்போதுதான் உடன்குடியிலிருந்து பொன்னுத்துரை அண்ணாச்சி வந்தார். கருப்பட்டி வியாபாரி, ஐம்பது வயதைத் தாண்டியவர். ஓயாத முதுகுவலி, சோர்வு. உடம்பில் எங்காவது கோளாறு இருந்தால் கூடும் ஈ.எஸ்.ஆர். அளவு ஏறிக் கிடந்தது. பாளையங்கோட்டையில் பேர்பெற்ற மருத்துவர் ஒருவர் அவரை எங்களிடம் அனுப்பியிருந்தார். ஊரே அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்லும். ரத்தம் எடுத்துக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி, ரிப்போர்ட் டாக்டர்ட்ட போயிரும்" என்று பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன்.

அவர் போனபின், சீரத்துக்கு வைத்திருந்த கண்ணாடிக் குழாய் சுழலும் இயந்திரத்துக்குள் உடைந்துவிட்டது. இன்னொரு குப்பியில் அவருடைய ரத்தம் இருந்தது. அது அணுக்களை எண்ணுவதற்காக, உறையாமல் இருக்க மருந்து கலந்து எடுத்தது. அதன் மேலே நின்ற மஞ்சள் நீர் பார்வைக்கு சீரம் போலவே இருந்தது. மறுபடி ரத்தம் வேண்டுமென்றால் முதுகுவலியோடு அந்த மனுஷன் உடன்குடியிலிருந்து இன்னொரு தரம் பஸ் ஏற வேண்டும். அவரை அலைக்கழிக்க வேண்டாமே என்று நினைத்தேன். நல்லெண்ணம்தான். அந்த மஞ்சள் நீரையே பட்டையில் வைத்தேன்.

கோடு விழுந்தது.

டாக்டரம்மா பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சாம்பிள் சரியா இருக்கா வடிவு?" என்று கேட்டார். "சரியாத்தான் இருக்கு" என்றேன். பேரும் நம்பரும் சரியா என்று கேட்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். உறையாத ரத்தத்தில் உறைய வைக்கும் புரதம் மிச்சமிருக்கும், அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில் ஒரு கோடாக வந்து நிற்கும் என்பதை நான் படித்திருந்தேன். படித்தது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. முதல் கோடு விழுந்த சந்தோஷத்தில் இருந்தேன். "மைலோமா சந்தேகம், மஜ்ஜைப் பரிசோதனை செய்யவும்" என்று ரிப்போர்ட் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் அண்ணாச்சி நேரே லேபுக்கு வந்தார். டாக்டரம்மாவின் மேசை மேல் மதுரையில் எடுத்த ரிப்போர்ட்டுகளை வைத்தார். மஜ்ஜை சுத்தமாக இருந்தது. மறுபடி பார்த்த ரத்தத்தில் கோடே இல்லை. ஈ.எஸ்.ஆர். ஏறியதற்குக் காரணம் கடைவாய்ப் பல்லில் நாட்பட்டுக் கிடந்த சீழ்.

"எனக்கு வியாதியே இல்லங்காவ," என்றார். "அப்போ இங்கன பாத்தது யாரோட ரத்தம்?"

டாக்டரம்மா பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். பேர் சரி, நம்பர் சரி. அவர் முகத்தில் குழப்பம். "சில நேரம் உடம்புல சீழ் இருந்தாக்கூட…" என்று ஒரு காரணத்தைத் தேடத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்றேன். உடைந்த குழாயைப் பற்றி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் அந்தக் காரணமே நின்றிருக்கும்.

"டாக்டர், அது சீரம் இல்ல," என்றேன். "டியூப் உடைஞ்சிட்டு. நான்தான் மத்த குப்பியில இருந்து எடுத்து வச்சேன்."

டாக்டரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டவில்லை. அண்ணாச்சியின் பக்கம் திரும்பி, "தப்பு எங்க மேலதான். ரிப்போர்ட்ல கையெழுத்து என்னோடது. என்னய மன்னிச்சிருங்க," என்றார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. பின்னால் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு நேராகச் சொன்னவர்கள் குறைவு.

அண்ணாச்சி மதுரை ரிப்போர்ட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "நல்லா சத்தம் போடணும்னுதான் பஸ் ஏறினேன். வியாதி இல்லன்ன சந்தோசத்துல பாதிக் கோவம் வழியிலயே போயிட்டு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுதேன், கேட்டுக்கிடு தாயி. எனக்கு ஒரே மக. காலேஜுல ரெண்டாம் வருசம் படிச்சிக்கிட்டு இருந்தா. நான் போய்ச் சேருறதுக்குள்ள பாத்துரணும்னு அவசர அவசரமா மாப்ள பாத்துக் கட்டிக் குடுத்துட்டேன். கல்யாணம் முடியட்டும், பொறவு எலும்புல ஊசி குத்தட்டும்னு இருந்துட்டேன். பையன் தங்கமானவன்தான், குறை சொல்ல முடியாது. ஆனா அவ படிப்பு நின்னுட்டுல்லா."

அவர் பைய எழுந்து போனார். வாசல்வரை நானும் கூடப் போனேன்.

டாக்டரம்மா பெரிய டாக்டரை உடனே போனில் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னார். எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "இனிமே டியூப் உடைஞ்சா, உடைஞ்சிதுன்னு எழுது." எங்கள் பதிவேட்டில் 'மாதிரி கிடைக்கவில்லை, மறுபடி எடுக்கவும்' என்ற வரி அன்றைக்குத்தான் பிறந்தது. நோயாளி திட்டுவார். டாக்டர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, எழுதுங்கள்.

அதன்பிறகு நான் நிதானமாகிவிட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் பயந்தவளாகிவிட்டேன். சந்தேகமாக எது கண்ணில் பட்டாலும் எழுதத் தயங்கினேன். டாக்டரம்மாவின் புத்தகத்தில் மைலோமா பற்றிய அத்தியாயத்தை மதிய இடைவேளைகளில் மூன்று தரம் படித்தேன். பரிகாரம் மாதிரி. அதில் ஒரு பத்தி மட்டும் மனசில் தங்கியது. சில நோயாளிகளுக்குக் கோடே விழாது. அவர்களுடைய புரதம் அளவில் சின்னது, ரத்தத்தில் நிற்காமல் சிறுநீரகத்தின் வழியாக நழுவிச் சிறுநீருக்கு வந்துவிடும். சிறுநீரில் முக்கிப் பார்க்கிற அட்டைக்கும் அது அகப்படாது. அப்படிப்பட்டவர்களைத் தண்ணீர் இல்லாமல் காயப்போட்டு, எக்ஸ்ரேயில் சிறுநீரகம் தெளிவாகத் தெரிவதற்காக ஊசியில் போடும் டை மருந்தை ஏற்றினால் சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும் என்றும் எழுதியிருந்தது.

அடுத்த வருஷம் சவேரியம்மாளின் ரத்தம் வந்தது.

சவேரியம்மாள் புன்னக்காயல்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முப்பது வருஷமாக மீன்கூடையைத் தலையில் தூக்கி விற்றவர். இடுப்பும் முதுகும் வலிக்கிறது என்றபோது கூடை தூக்கின முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கால் வீங்கி, முகம் வெளுத்தபிறகு கணவர் சூசை அவரைப் பெரிய டாக்டரிடம் கூட்டி வந்தார். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. கல் அடைத்திருக்கும் என்று டாக்டர் நினைத்தார். மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு டை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பதாக முடிவு செய்து, அதற்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று எலக்ட்ரோபோரசிஸும் கேட்டிருந்தார்.

அன்று டாக்டரம்மா ஊரில் இல்லை. மதுரையில் ஒரு மருத்துவர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். கைபேசியெல்லாம் கிடையாது. லேபில் மூத்தவள் நான்தான்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டிய அன்று காலையில் பட்டையைப் பார்த்தேன். கோடு இல்லை. டாக்டரின் மருத்துவமனைக்குப் போன் செய்து, "கோடு இல்ல" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டேன். சொல்லி வைத்தபிறகு மறுபடி பார்த்தேன். கடைசியில் மங்கலாக இருக்க வேண்டிய பகுதி மங்கலாகக்கூட இல்லை, வெளிறிப் போயிருந்தது. நாள்பட்ட நோயாளிக்கு அங்கே சாயம் கூடுதலாகத்தான் இருக்கும். இவருக்கு ஏன் இவ்வளவு குறைச்சல்?

பத்து மணிக்கு அவருடைய சிறுநீர் வந்தது. அட்டையை முக்கினேன். புரதம் இல்லை என்றது. எழுதி முடித்துக் குப்பியைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். கவிழ்க்கும்போது நுரைத்தது. சாதாரண நுரை உடனே அடங்கிவிடும். இது சோப்பு நுரை மாதிரி தொட்டியின் ஓரத்தில் அப்படியே நின்றது. கையை நிமிர்த்திவிட்டேன். குப்பியில் பாதி மிச்சமிருந்தது.

புரதம் இல்லாமல் இவ்வளவு நுரை ஏன்?

ஒரு குழாயில் கொஞ்சம் ஊற்றி, புரதத்தைத் திரிய வைக்கும் அமிலத்தை நாலு சொட்டு விட்டேன். பால் போல வெளுத்தது. அட்டை இல்லை என்கிறது, அமிலம் நிறைய இருக்கிறது என்கிறது. அமிலம் கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம். வேறு யாரிடம் கேட்பது? கழிப்பறைக்குப் போய் என் சிறுநீரையே ஒரு குப்பியில் பிடித்து வந்து சோதித்தேன். தெளிவாக இருந்தது. அமிலத்தில் பிழையில்லை.

இனி ஒரே சோதனைதான். குழாயைத் தண்ணீரில் வைத்துப் பையச் சூடேற்ற வேண்டும். சாதாரணப் புரதமாக இருந்தால் கொதிக்கக் கொதிக்க இன்னும் திரண்டு கெட்டிப்படும், முட்டை வெள்ளைக்கரு மாதிரி. மைலோமாவின் புரதம் வேறு குணம். கை பொறுக்காத சூட்டில் கலங்கும், கொதி வந்தால் கரைந்து தெளிந்துவிடும். ஆறினால் மறுபடி கலங்கும். செய்து பார்த்தேன். கலங்கியது. கொதியில் தெளிந்தது. ஆறவைத்தேன், மறுபடி மேகம் போட்டது.

பட்டை வெளிறியதன் காரணமும் புரிந்தது: கெட்ட செல் பெருகும்போது நல்ல புரதம் வற்றிவிடும். குப்பியில் ஒட்டியிருந்த பெயரை நாலு தரம் வாசித்தேன். மணி பத்தே முக்கால்.

போனை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டெக்னீஷியன் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. அது டாக்டரம்மாவின் வேலை. அவரும் இல்லை. ஒருதரம் ஒரு குடும்பத்தைக் கலங்கடித்தவள் நான். பேசாமல், 'புரதம் உள்ளது' என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதி அனுப்பினால் என் மேல் குற்றம் வராது. ஆனால் அந்த ரிப்போர்ட் சாயங்காலம்தான் டாக்டரின் மேசைக்குப் போகும். டை மத்தியானமே ஏறிவிடும்.

டாக்டரே போனுக்கு வந்தார். மைலோமா என்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"வடிவு, போன தடவ இல்லாத கோட்ட இருக்குன்னிய. இந்தத் தடவ கோடு இல்ல, ஆனா வியாதி இருக்குங்குதிய. நான் எதத்தான் நம்ப?"

அவர் கேட்டதில் தவறில்லை. "என்னய நம்ப வேண்டாம் சார். நீங்களே கண்ணால பாருங்க. அந்தம்மாவுக்கு டை போடுறதுக்கு முன்னால பத்து நிமிசம் குடுங்க. நான் அங்கன வந்து செஞ்சு காட்டுதேன்."

"பன்னெண்டுக்கு எக்ஸ்ரே. அதுக்குள்ள வந்தாப் பாக்கேன்," என்று வைத்துவிட்டார்.

ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குவளை, தெர்மாமீட்டர், குழாய்கள் எல்லாவற்றையும் ஒரு கம்பிக்கூடையில் அடுக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஆற்றுப்பாலத்தின் நடுவில் ஒரு பஸ் பழுதாகி நின்றிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நகரவில்லை. ஆட்டோக்காரர், "இப்போ நகராதுக்கா" என்றார். இறங்கிக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். அந்தப் பக்கம் இன்னொரு ஆட்டோ. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை ஆகிவிட்டது.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் சவேரியம்மாள் சாய்ந்திருந்தார். உதடு வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் சூசை, கையில் ஜெபமாலை. நான் என்னை யாரென்று சொல்லிவிட்டு, புதிதாகக் கொஞ்சம் சிறுநீர் வேண்டும் என்றேன். டாக்டரின் முன்னால் காய்ச்சுவது, அந்த அம்மாளின் கையிலிருந்தே வாங்கிய சாம்பிளாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். குப்பி மாறிவிட்டது என்ற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது.

"நேத்துல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல," என்றார் சவேரியம்மாள். "எங்கன இருந்து தாயி வரும்?"

"கொஞ்சம் போதும்மா. ரெண்டு ஸ்பூன் இருந்தாப் போதும்."

"எதுக்குக் கேக்குதிய?" என்று சூசை சந்தேகத்தோடு கேட்டார். "காலையிலதான குடுத்தோம்."

"அதுல ஒண்ணு கண்டேன் அண்ணாச்சி. அது நெசந்தானான்னு டாக்டருக்குக் காட்டணும். நெசமா இருந்தா இந்த எக்ஸ்ரே அம்மாவுக்கு ஆகாது."

சூசை மனைவியைப் பார்த்தார். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். வெகுநேரம் காத்திருந்து, குப்பியின் அடி மட்டும் நனைகிற அளவுக்குக் கிடைத்தது.

எக்ஸ்ரே அறையின் முன்பகுதியில் இருந்த மேசையில் விளக்கை ஏற்றினேன். குவளைத் தண்ணீரில் இரண்டு குழாய். ஒன்றில் சவேரியம்மாளுடையது, ஒன்றில் என்னுடையது. பெரிய டாக்டர் வந்தார். உள்ளே டை மருந்து ஊசியில் ஏற்றித் தயாராக இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் விளக்கவில்லை. தெர்மாமீட்டர் ஏறுவதை மட்டும் வாய்விட்டு வாசித்தேன்.

ஐம்பது டிகிரியைத் தாண்டியதும் சவேரியம்மாளின் குழாயில் மெல்லிய புகை போல ஏதோ இறங்கியது. அறுபதில் குழாய் முழுக்க வெள்ளை. என்னுடையது அப்படியே இருந்தது.

"புரதம்தான். சிறுநீரகம் கெட்டாலும் வரும்," என்றார் டாக்டர்.

"இன்னும் கொதிக்கல சார்."

அந்தச் சின்ன விளக்கில் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பெரிய குவளை அது. கடைசியில் அடியிலிருந்து குமிழி எழத் தொடங்கியது. குழாயின் வெள்ளை மேலிருந்து கீழாகக் கரைந்தது. கொதி நன்றாக வந்தபோது பின்னாலிருந்த சுவர்க் காலண்டரின் தேதி குழாயின் வழியாகத் தெரிந்தது.

டாக்டர் கையை அவிழ்த்துக்கொண்டு குனிந்தார். நான் குழாயை இடுக்கியால் எடுத்து வெளியே பிடித்தேன். ஆற ஆற மறுபடி வெள்ளை ஏறியது. அவர் இடுக்கியை என் கையிலிருந்து வாங்கி, தானே குழாயைத் திரும்பக் கொதியில் விட்டார். தெளிந்தது. எடுத்தார். கலங்கியது.

திரும்பி, உள்ளே நின்ற நர்ஸிடம் சொன்னார். "அந்த ஊசியத் தூரப் போடு. அந்தம்மாவுக்குத் தண்ணி குடு. கேக்கக் கேக்கக் குடு."

சவேரியம்மாள் ஒரு டம்ளர் குடித்தார். இரண்டாவது குடித்தார். மூன்றாவதைக் குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ நல்லாருப்ப," என்றார். எனக்கு அப்போதுதான் கூடை தூக்கிய கை வலிப்பது தெரிந்தது.

அன்று மாலை தலைக்கும் முதுகுக்கும் டை இல்லாத சாதாரண எக்ஸ்ரே எடுத்தார்கள். மண்டையோட்டில் துளைத்து எடுத்தது போல வட்ட வட்டமாக ஓட்டைகள். டாக்டரம்மா மதுரையிலிருந்து வந்து மறுநாள் மஜ்ஜையைப் பார்த்தார். பிளாஸ்மா செல்கள் நிறைந்து கிடந்தன. சென்னைக்கு அனுப்பிய சிறுநீரிலும் அதே புரதம் என்று பதில் வந்தது. நடந்ததை நான் பயந்து பயந்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவரைக் கேட்காமல் நோயின் பெயரைச் சொல்லிவிட்டேனே. அவர் முழுவதும் கேட்டார். "நான் இருந்திருந்தா இது தெரிஞ்சிருக்காது வடிவு," என்றார். "என் மேசைக்கு ரிப்போர்ட்தான் வரும். நுரை வராது."

பிள்ளைகளே, இதை நான் உங்களுக்காக எழுதுவதற்கு அந்த வாக்கியம்தான் காரணம். இன்றைக்கு உங்கள் இயந்திரம் அந்தச் சின்னப் புரதத்தை நேரடியாக எண்ணித் தந்துவிடுகிறது. சந்தோஷம். ஆனால் எதை எண்ண வேண்டும் என்று யாராவது கேட்டால்தான் அது எண்ணும். குப்பியைக் கையில் எடுக்கிறவர் நீங்கள். டாக்டர் பார்க்காத ஒன்றை நீங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறீர்கள். இரண்டு சோதனை ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால், பிடித்த விடையை எழுதிவிட்டு எழுந்து போகாதீர்கள். முன்னால் ஒரு தப்பு செய்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லிய தப்பைச் சுமந்துகொண்டு போன் எடுக்கலாம். மறைத்த தப்போடு எடுக்கவே முடியாது. பெரிய டாக்டர் அன்றைக்குப் பத்து நிமிஷம் தந்தது ஏன் என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். "உடஞ்ச டியூப நீங்களாத்தான சொன்னிய," என்றார்.

அதன்பிறகு காரணம் தெரியாத முதுகுவலியோ சிறுநீரகக் கோளாறோ வந்தால் அவர் ரத்தத்தோடு சிறுநீரையும் அனுப்பினார். சீட்டில் 'வடிவு பார்க்கவும்' என்று எழுதியிருக்கும். அந்தச் சீட்டுகளில் ஒன்றை என் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பெரியப்பா வந்திருந்தபோது அதை எடுத்து வரச் சொன்னார்.

சவேரியம்மாளுக்கு மாத்திரைகள்தான் வைத்தியம். அந்த நோயை முழுக்க விரட்டும் மருந்து அன்றைக்கு இல்லை. ஆனால் சிறுநீரகம் தேறியது, நாலு வருஷத்துக்கு மேல் நன்றாகவே இருந்தார். மாதம் ஒருமுறை புன்னக்காயலிலிருந்து சூசையோடு லேபுக்கு வருவார். குப்பியைக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார். என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குழாய் சூடாவதைப் பார்ப்பார். "இந்த மாசம் எவ்வளவு மூடாக்கு போடுதுன்னு பாப்போம்," என்பார். கடல்காரர் பேச்சு, வானத்தில் மேகம் மூடுவதை அப்படிச் சொல்வார்கள். ஒவ்வொரு மாதமும் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது.

எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ, தெர்மாமீட்டர் ஐம்பதைத் தாண்டியது. அறுபதைத் தாண்டியது. தண்ணீர் கொதித்தது. குழாயில் ஒன்றுமே நடக்கவில்லை. எடுத்து ஆறவைத்தேன். அப்போதும் ஒன்றுமில்லை. நான் சிரித்துவிட்டேன்.

"என்னட்டி, ஒண்ணும் வரல?" என்றார் சவேரியம்மாள்.

"ஒண்ணும் வரலம்மா."

"ஒண்ணும் வராததுக்கா இந்தச் சிரிப்பு?"

பிறகு அவருக்கே புரிந்தது. குழாயை என் கையிலிருந்து வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். கன்னத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, வெளியே உட்கார்ந்திருந்த சூசையை உள்ளே வரச் சொன்னார். என் கையில் குழாயைத் திருப்பித் தந்தார்.

"அவரும் பாக்கட்டும்," என்றார். "இன்னொரு தரம் காச்சு."